மாண்ட்ரியல் ஜாஸ் விழா: கேளுங்கள், சொல்கிறோம்

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆண்டுதோறும் ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை முதல் வாரம் வரை, ஏறத்தாழ பத்து நாள் நடக்கிறது சர்வதேச ஜாஸ் விழா. அங்கே போய்வரத் திட்டமிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

டொராண்டோவில் மகன் இருக்கிறான். ஜூனில் அங்கே போகிறோம். ஜாஸ் பற்றி ஒன்றும் தெரியாத எங்களுக்கு இந்த விழா சரிப்படுமா? நிறையச் செலவாகுமா?
— வாசகி, திருச்சி

சரிப்படும். டிக்கெட் வாங்காமலே இரண்டு மூன்று நாளை இசையோடு கழிக்கலாம். விழாவின் நிகழ்ச்சிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இலவசம், அவை பெரும்பாலும் திறந்தவெளி மேடைகளில் நடப்பவை. 1980-ல் சிறிதாகத் தொடங்கிய விழா இது. உலகின் மிகப் பெரிய ஜாஸ் விழா என்று 2004-ல் கின்னஸ் பதிவில் இடம்பிடித்தது. அதற்காக மிரள வேண்டாம். பெரும்பாலான மேடைகள் நகர மையத்தில் 'ப்ளாஸ் தெ ஆர்' என்ற கலை வளாகத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஒரு மேடையிலிருந்து இன்னொன்றுக்கு ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து நிமிட நடை. விழா நாட்களில் அந்தத் தெருக்களில் வண்டிகள் ஓடாது.

முதல் தடவை வருகிறவர்கள் செய்யும் தவறு, ஒரே நாளில் ஐந்து நிகழ்ச்சிகளைக் குறித்து வைத்துக்கொண்டு ஓடுவது. ஜாஸ் குழு சூடுபிடிக்கவே இருபது நிமிடம் ஆகும். அதற்குள் எழுந்து போனால் எதையுமே கேட்டதாகாது. நாளுக்கு ஒரு உள்ளரங்கக் கச்சேரி போதும். மற்ற நேரமெல்லாம் தெருமேடைகளுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் இருப்பதாக இருந்தால் முதல் நாள் டிக்கெட்டே வேண்டாம். இலவச மேடைகளைச் சுற்றி வாருங்கள், எந்த மாதிரி இசை உங்களுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு விசா வேண்டும். கட்டணம் 100 கனடிய டாலர். கைரேகைப் பதிவுக்கு ஒருவருக்கு 85 டாலர். கடந்த 10 ஆண்டுகளில் கனடா விசாவுக்காகக் கைரேகை கொடுத்திருந்தால் மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. கோடைக்கு முன் விண்ணப்பங்கள் குவியும். பனிக்காலத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். தங்குமிடமும் அப்படித்தான், தாமதித்தால் விலை ஏறிவிடும். அறை வாடகையின் மேல் 3.5 சதவீதத் தங்கல் வரியும், அதோடு விற்பனை வரிகளும் சேரும். கடை, உணவகம் எங்கும் விலைப்பட்டியலில் இருப்பது வரிக்கு முந்தைய விலை. கூட்டாட்சி, மாகாண விற்பனை வரிகள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 15 சதவீதம். உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் அதற்கு மேல் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வழக்கம். எனவே 20 டாலர் என்று போட்டிருக்கும் சாப்பாட்டுக்குக் கையிலிருந்து போவது 26, 27 டாலர்.

டிக்கெட் எப்போது வாங்குவது? இருக்கை வரைபடம் முழுக்க ஃப்ரெஞ்சில் இருக்கிறதே!
— வாசகர், கோயம்புத்தூர்

பெரிய பெயர்கள் பல மாதம் முன்பே அறிவிக்கப்படும். அவை வேண்டுமென்றால் அறிவித்த வாரமே வாங்குவது நல்லது. இலவச மேடைகளின் முழு அட்டவணை கடைசியில்தான் வரும். விழாவின் சொந்த வலைத்தளத்திலேயே வாங்குங்கள். இணையத்தில் தேடும்போது முதலில் விளம்பரமாக வந்து நிற்பவை பெரும்பாலும் மறுவிற்பனைக் கடைகள். அங்கே அதே டிக்கெட் இரட்டை விலைக்கும் போகும்.

வரைபடத்தில் 'பார்த்தேர்' என்றால் தரைத்தளம். 'கொர்பேய்' அதற்குச் சற்று மேலே. 'மெஸானீன்', 'பால்கோன்' மேல் மாடிகள். நீங்கள் கவனிக்க வேண்டிய சொல் 'தெபூ'. நின்றுகொண்டு கேட்க வேண்டிய நிகழ்ச்சி என்று பொருள். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு இரண்டு மணி நேரம் கால் கடுக்க நிற்கிறார்கள். 'போர்த்' என்று ஒரு நேரம் இருந்தால் அது கதவு திறக்கும் நேரம், இசை தொடங்குவது அதற்குப் பிறகு. 'கோம்ப்ளே' என்றால் எல்லாம் விற்றுத் தீர்ந்தது.

அரங்கத்தைப் பொறுத்து இசையே வேறாகக் கேட்கும். வில்ஃப்ரிட் பெலத்தியே அரங்கில் ஏறக்குறைய 3,000 இருக்கைகள். பின்வரிசையில் உட்கார்ந்தால் தாளக்காரரின் தூரிகைத் தட்டு காதுக்கு எட்டாது, ஒலிபெருக்கியின் சத்தம்தான். மேஸோன் சிம்ஃபோனிக் 2011-ல் திறந்த, மரம் இழைத்த அரங்கம். பியானோ தனிக் கச்சேரி என்றால் அங்கே மேல் மாடியில்கூடத் தயங்காமல் வாங்கலாம். எம்டெலஸ் என்ற அரங்கம் நின்று ஆடும் கூட்டத்துக்கானது. எங்கள் பரிந்துரை 'ஜெஸூ'. 1865-ல் கட்டிய தேவாலயத்தின் அடித்தளத்தில் இருக்கும் சின்ன அரங்கம். நால்வர் குழு வாசிப்பதை முகம் பார்த்துக் கேட்க இதைவிட நல்ல இடம் அந்த வட்டாரத்தில் இல்லை. பெயர் தெரியாத கலைஞராக இருந்தாலும் அங்கே ஒரு மாலை உட்காருங்கள்.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காது. ஜாஸில் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது? எப்போது கை தட்டுவது?
— வாசகர், மயிலாப்பூர், சென்னை

சபாவில் கேட்டுப் பழகியவர்களுக்கு ஜாஸ் எட்டாத இசை இல்லை. பெரும்பாலான உருப்படிகளின் அமைப்பு இப்படி இருக்கும். முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை ஒருமுறை வாசிப்பார்கள். இதை 'ஹெட்' என்பார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கற்பனையாக வாசிப்பார்கள். பொதுவாக முதலில் சாக்ஸபோனோ டிரம்பெட்டோ, அடுத்து பியானோ, பிறகு பேஸ் என்ற தாழ்சுரத் தந்தி வாத்தியம். கடைசியில் நான்கு அளவு ('பார்' எனும் தாளத் துண்டு) சாக்ஸபோனுக்கோ டிரம்பெட்டுக்கோ, நான்கு அளவு டிரம்ஸுக்கு என்று மாறி மாறிப் போவார்கள். கச்சேரியில் வயலினும் பாட்டும் கல்பனாஸ்வரத்தைப் பங்குபோட்டுக்கொள்வது நினைவுக்கு வரும். முடிவில் மறுபடி மெட்டு.

இடையில் எங்கே இருக்கிறோம் என்று தொலைந்து போகாமலிருக்க ஒரு வழி இருக்கிறது. பழைய மெட்டுகளில் பல 32 அளவுகள் கொண்டவை, ஒவ்வோர் அளவுக்கும் நான்கு எண்ணிக்கை. அந்த 32-ஐ எட்டு எட்டாகப் பிரித்தால், முதல் எட்டும் இரண்டாவது எட்டும் ஒரே மெட்டு, மூன்றாவது எட்டு வேறு, நான்காவது பழையபடி. விரலில் எண்ணிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 128 எண்ணிக்கை. நிமிடத்துக்கு 128 தட்டு வேகத்தில் போனால் ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு நிமிடம். மெட்டு முடிந்த பின்னும் அதே சுற்று அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். கற்பனையாக வாசிப்பவர் மூன்று சுற்று எடுப்பார், ஐந்து சுற்றும் எடுப்பார், ஆனால் சுற்றின் அளவு மாறாது. மூன்றாவது எட்டில் சுரக்கூட்டு (சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள்) மாறுவது காதில் விழ ஆரம்பித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நம் இசையோடு பெரிய வேறுபாடும் அங்கேதான் இருக்கிறது. நமக்கு ராகம் ஒன்று, ஆதார சுருதி ஒன்று, உருப்படி முடியும்வரை அதுதான் வீடு. ஜாஸில் பியானோவும் பேஸும் அடியில் சுரக்கூட்டுகளை மாற்றிக்கொண்டே போகும். மேலே வாசிப்பவர் அந்தந்தக் கூட்டுக்குப் பொருந்தும் சுரங்களைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். முதலில் 'ஏன் ராகத்தை விட்டு விலகுகிறார்' என்று தோன்றும். கண்ணை மூடிக்கொண்டு பேஸை மட்டும் இரண்டு சுற்று கேளுங்கள். விலகவில்லை, தரை நகர்ந்திருக்கிறது என்று புரியும்.

கைதட்டலுக்கு வருவோம். ஒவ்வொருவரின் கற்பனை வாசிப்பு முடிந்ததும், உருப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டலாம். தட்டவும் வேண்டும். தனி ஆவர்த்தனம் முடிந்து தட்டுவதைப் போன்றதுதான். மெதுவான உருப்படியின் கடைசியில் மட்டும், சிம்பலின் ரீங்காரம் அடங்கும்வரை பொறுங்கள். தாளத்தோடு சேர்ந்து தட்டுவதாக இருந்தால் ஒன்று, மூன்றில் தட்டாதீர்கள். நமக்குச் சமத்தில் தட்டிப் பழக்கம், கை தானாக அங்கேதான் விழும். ஜாஸில் கை விழ வேண்டியது இரண்டிலும் நான்கிலும். டிரம்ஸ்காரரின் இடது கால் மிதிக்கும் ஜோடித் தட்டு மூடுவது அந்த இடங்களில்தான். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டால் தவறாது. இன்னொன்று, பேஸ் தனியாக வாசிக்கும்போது சத்தம் தாழ்ந்துவிடும். அதை இடைவேளையாக நினைத்துப் பேசத் தொடங்குகிறார்கள். அதுதான் குழுவில் மிக நுணுக்கமான வாசிப்பாக இருக்கும்.

இரண்டு இசையும் சந்தித்ததும் புதிதல்ல. 1970-களில் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினோடு சேர்ந்து 'சக்தி' குழுவில் வாசித்தவர்கள் வயலின் எல். சங்கரும் கடம் விக்கு விநாயக்ராமும், தபலாவில் ஜாகிர் ஹுசைன். கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனைக் கேட்டவர்களுக்கு அந்த வாத்தியமே அந்நியமில்லை. ஆனால் அவர் வளைத்து வளைத்து வாசித்த கமகத்தை ஜாஸ் சாக்ஸபோனில் எதிர்பார்க்காதீர்கள். அங்கே மூச்சின் கரகரப்பும் எங்கே நிறுத்துகிறார் என்பதும்தான் பேசும்.

ப்ளூஸ் என்பது வேறா? அதுவும் உண்டா?
— வாசகி, மதுரை

உண்டு. புதிதாகக் கேட்பவர்கள் அதிலிருந்து தொடங்குவதே எளிது. ப்ளூஸின் சுற்று 12 அளவு, 48 எண்ணிக்கை. மெதுவான ப்ளூஸ் என்றால் ஒரு சுற்று முக்கால் நிமிடத்துக்கு வரும். அந்தச் சுற்றில் மூன்று வரி. முதல் வரியைப் பாடுவார்கள், அதையே திரும்பப் பாடுவார்கள், மூன்றாவது வரி அதற்குப் பதில் சொல்லும். நம் நாட்டுப்புறப் பாட்டில் முன்பாட்டும் பின்பாட்டும் போல, பாடகர் பாதி வரியில் விட்ட இடத்தைக் கிட்டார் நிரப்பும். காந்தாரத்தையும் நிஷாதத்தையும் சற்றுத் தாழ்த்தி, கம்பியை விரலால் தள்ளி இழுத்து வாசிப்பதுதான் அதன் குழைவு. இது உங்கள் காதுக்கு உடனே பிடிபடும். ஆங்கில வரி புரியாவிட்டாலும் திரும்பி வரும் இரண்டாவது வரியில் பிடித்துக்கொள்ளலாம்.

நாங்கள் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். பிள்ளைகளோடு கார் ஓடிக்கொண்டு வரலாமா?
— வாசகர், டொராண்டோ

வரலாம். 540 கிலோமீட்டர், நிறுத்தங்களோடு ஆறு மணி நேரம். ஆனால் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். டொராண்டோவில் சிவப்பு விளக்கில் நின்று பார்த்து வலப்பக்கம் திரும்பிப் பழகியிருப்பீர்கள். மாண்ட்ரியல் தீவுக்குள் அது தடை. பழக்கத்தில் கால் பிரேக்கை விட்டுவிடும், கவனம். இரண்டாவது, ஒரே கம்பத்தில் மூன்று நான்கு பார்க்கிங் பலகைகள் அடுக்கியிருக்கும். எல்லாமே பொருந்தும். ஒன்றைப் படித்துவிட்டு நிறுத்தினால் அபராதச் சீட்டு நிச்சயம். மூன்றாவது, ஜூலை 1. கியூபெக்கில் வீட்டு வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30-ல் முடிவதால் அன்று ஊரே வீடு மாறும். குடியிருப்புத் தெருக்களில் சாமான் லாரிகள், நடைபாதையில் கட்டிலும் மெத்தையும். அன்று ஊருக்குள் வந்து சேரவோ கிளம்பவோ திட்டமிடாதீர்கள்.

காரைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டு மெட்ரோவில் வாருங்கள். பச்சைத் தடத்தில் ப்ளாஸ் தெ ஆர் நிலையம், அல்லது அடுத்த நிலையமான சான் லொராங். ரயிலில் வந்தால் டொராண்டோவிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். மத்திய நிலையத்திலிருந்து விழாத் திடல் இருபது நிமிட நடைதான்.

பெண்ணுக்கு வயது ஐந்து. அந்தச் சத்தம் காதுக்கு ஆகாதே?
— வாசகி, யாழ்ப்பாணம்

உங்கள் கவலை சரியானதே. 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது வேலையிட அளவுகோல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். பெரிய மேடைக்கு முன்னால் 100 டெசிபல் சாதாரணம், அந்தக் கணக்கில் 15 நிமிடம்தான். இது பெரியவர்களுக்கான கணக்கு, குழந்தைக்கு இன்னும் குறைவாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து வயதுக்குக் காதை முழுக்க மூடும் மஃப் வாங்குங்கள். ஊரிலேயே போட்டுப் பழக்குங்கள், புதிதாக அங்கே போட்டால் பிடுங்கி எறிந்துவிடுவாள். நுரைப்பஞ்சுக் காதடைப்பான் உங்களுக்கு. அதை விரலால் மெல்லிய குச்சி போல உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். பலரும் வாசலிலேயே ஒட்டவைத்துவிட்டு 'இது வேலை செய்யவில்லை' என்கிறார்கள். பிற்பகலில் சின்ன மேடைகளில் கூட்டமும் சத்தமும் குறைவு, குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அந்த நேரமே நல்லது.

திறந்தவெளியில் எங்கே நிற்பது நல்லது? மழை பெய்தால்?
— வாசகர், சேலம்

திடலின் நடுவில் ஒலிக்கலவை செய்பவரின் கூடாரம் இருக்கும். அவர் தன் காதுக்குச் சரியாகக் கேட்கும்படிதான் எல்லாவற்றையும் அமைக்கிறார். அந்தக் கூடாரத்துக்குச் சற்று முன்னால், நடுக்கோட்டில் நில்லுங்கள். மேடையை ஒட்டி நின்றால் டிரம்ஸும் பேஸ் பெட்டியும் மட்டும் நெஞ்சில் அடிக்கும், பாடகரின் சொல் தெளியாது. ஓரத்தில் நின்றால் கட்டடங்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி குழப்பும். மேடையின் சத்தம் நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் பின்னால் நிற்பவருக்கு அது கால் நொடிக்கும் மேலே தாமதம். டிரம்ஸ்காரரின் கையும் சத்தமும் பொருந்தாமல் தெரிவது அதனால்தான். இரவின் பெரிய இலவசக் கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால்தான் அந்த நடு இடம் கிடைக்கும். சூரியன் மறையவே ஒன்பது மணி நெருங்கிவிடும், எனவே தொப்பி அவசியம்.

பகலில் 25 முதல் 30 டிகிரி, புழுக்கமும் உண்டு. மாலையில் திடீர் இடிமழை வரும். தூறலுக்கு நிறுத்த மாட்டார்கள், மின்னலும் காற்றும் என்றால் நிறுத்துவார்கள். குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மேடை தெரியாது. மடித்துப் பையில் போடும் மழைச்சட்டை ஆளுக்கொன்று. ஒதுங்க நல்ல இடம், ப்ளாஸ் தெ ஆருக்கு எதிரே இருக்கும் கோம்ப்ளெக்ஸ் தேஜார்தான் என்ற வணிக வளாகம். நிலத்தடி வழியாக நனையாமலே போகலாம். குளிர்சாதனம், கழிப்பறை, உணவுக் கடைகள் எல்லாம் உள்ளே. மழை இல்லாத நாளிலும், திடலில் கழிப்பறை வரிசை நீளும்போது அது உதவும்.

நாங்கள் சைவம். முட்டையும் சேர்ப்பதில்லை. சாப்பாட்டுக்கு என்ன வழி?
— வாசகி, தஞ்சாவூர்

உள்ளூர்ப் பண்டங்களில் கவனம் வேண்டும். உருளைக்கிழங்கு வறுவலும் சீஸ் கட்டியும் சேர்ந்த 'பூட்டின்' பார்க்கச் சைவம். ஆனால் மேலே ஊற்றும் குழம்பு பெரும்பாலும் கோழி அல்லது மாட்டு எலும்புச் சாற்றில் செய்தது. 'சோஸ் வேஜே' (சைவக் குழம்பு) இருக்கிறதா என்று கேளுங்கள். சில கடைகளில் உண்டு. அவித்த பயறு என்று நம்பி வாங்கும் பண்டத்தில் பன்றிக்கொழுப்பு இருக்கும், பட்டாணி சூப்பில் பன்றியிறைச்சி சேர்ப்பார்கள். தேன் கலந்த நீரில் வேகவைத்து விறகடுப்பில் சுடும் மாண்ட்ரியல் பேகல் வளையங்கள் அருமை, ஆனால் மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம். 'சான்ஸ் வியாந்த்' என்றால் இறைச்சி இல்லாமல், 'சான்ஸ் ஓஃப்' என்றால் முட்டை இல்லாமல். இந்த இரண்டையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சாப்பாடு வேண்டுமென்றால் பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரத்துக்குப் போங்கள். தெற்காசியர்கள் நிறைய வாழும் பகுதி, தோசை கிடைக்கும். பச்சைத் தடத்தில் பெரி நிலையம் வரை, அங்கே மாறி ஆரஞ்சுத் தடத்தில் ஜான் தாலோன், மறுபடி மாறி நீலத் தடத்தில் பார்க் நிலையம். மதியம் அங்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மாலை திடலுக்கு வந்தால் இரவுக்குப் பழமும் ரொட்டியும் போதும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், காலி பாட்டில் கொண்டு போங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம்.

புதுச்சேரிக்காரன் நான், ஃப்ரெஞ்சு கொஞ்சம் தெரியும். பயன்படுமா?
— வாசகர், புதுச்சேரி

பயன்படும். ஆனால் உச்சரிப்பு பாரிஸ் பாணி அல்ல, முதல் நாள் குழப்பும். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ழூர்' என்று நீங்கள் முதலில் சொல்லிவிட்டால் முகம் மலரும். திணறினால் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளலாம், நகர மையத்தில் பெரும்பாலோருக்குத் தெரியும்.

விழா தவிர, ஜாஸ் சார்ந்து நகரில் பார்க்க வேண்டியது?
— வாசகர், சிங்கப்பூர்

'லிட்டில் பர்கண்டி' பகுதிக்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். ரயில்வேயில் பெட்டி தூக்கியும் படுக்கை விரித்தும் பிழைத்த கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த இடம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது கியூபெக்கில் மது தாராளமாகக் கிடைத்தது. கூட்டமும் இசைக்கலைஞர்களும் இங்கே வந்தார்கள். ரூஃபஸ் ராக்ஹெட் என்பவர் 1928-ல் திறந்த 'ராக்ஹெட்ஸ் பாரடைஸ்' அந்தக் காலத்தின் பெயர்போன கிளப். இப்போது அது இல்லை. இதே தெருக்களில் 1925-ல் பிறந்தவர் பியானோ மேதை ஆஸ்கர் பீட்டர்சன். தந்தை ரயில்வே போர்ட்டர். அக்கா டெய்சி பியானோ ஆசிரியை, தம்பிக்கும் பின்னாளில் புகழ்பெற்ற ஆலிவர் ஜோன்ஸுக்கும் கற்றுக்கொடுத்தவர். சான் ழாக் தெருவும் தெ சென்யூர் தெருவும் சந்திக்கும் இடத்தில் பீட்டர்சனின் பெரிய சுவரோவியம் இருக்கிறது. மெட்ரோவில் ழார்ழ் வனியே நிலையத்தில் இறங்கி நடங்கள். இரவில் மேடையில் கேட்கும் இசை எந்தக் கைகளிலிருந்து வந்தது என்பதை அங்கே பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

இரவு கச்சேரி முடிந்து திரும்புவது எப்படி? விமான நிலையத்திலிருந்து வருவது?
— வாசகி, பெங்களூரு

விமான நிலையத்திலிருந்து 747 எண் பேருந்து இரவும் பகலும் ஓடுகிறது. டிக்கெட் சுமார் 11 டாலர், அதே டிக்கெட்டில் 24 மணி நேரம் நகரப் பேருந்தும் மெட்ரோவும் இலவசம். பேருந்துக்குள் நோட்டு வாங்க மாட்டார்கள், சில்லறை நாணயம் மட்டும். வெளியே வரும்முன் நிலையத்திலுள்ள இயந்திரத்தில் கார்டு கொடுத்து வாங்கிவிடுங்கள். மற்ற நாட்களில் மாலை 6 மணியிலிருந்து காலை 5 மணி வரை எத்தனை தடவையும் போகலாம் என்ற மாலைச் சீட்டு இருக்கிறது. போக வர இரண்டு தனிச் சீட்டு வாங்குவதைவிடக் குறைவு.

மெட்ரோ நள்ளிரவு தாண்டி சுமார் ஒரு மணிக்குள் நின்றுவிடும், சனி இரவு மட்டும் சற்று நீளும். கடைசி ரயில் நேரம் நிலையத்துக்கு நிலையம் மாறும். தடம் மாறிப் போக வேண்டியவர்கள், மாறும் நிலையத்தின் கடைசி ரயிலையும் முன்னதாகக் குறித்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் இரவுப் பேருந்துகள் உண்டு, அவற்றின் எண்கள் மூன்றில் தொடங்கும். பெரிய கச்சேரி முடிந்ததும் ப்ளாஸ் தெ ஆர் நிலைய வாசலில் கூட்டம் நெருக்கும். கிழக்கே ஏழெட்டு நிமிடம் நடந்து சான் லொராங் நிலையத்தில் ஏறுங்கள், நெரிசலில் சிக்காமல் உள்ளே போய்விடலாம்.